இதர பொருட்கள், பதினெட்டு டாலர்

அன்புள்ள லாக்லன் என்று தொடங்கி
'அன்புள்ள'வை மட்டும் அடித்தேன்.

இன்வர்கார்கில்லில் ஜூலை.
தெற்குக் காற்று கதவடியில் கையை விட்டுக்
கணுக்காலைப் பிடிக்கிறது.
அந்த ஞாயிறு குழாயில் வந்தது
வெந்நீரும் இல்லை, பச்சைத் தண்ணீரும் இல்லை,
யாரோ குடிக்க மறந்த தேநீர்.

வந்தாய். அலமாரியைத் திறந்தாய்.
தொட்டியின் மேல் நான் காயப் போட்டிருந்த உள்ளாடைகளைப்
பாம்பைத் தூக்குவதுபோல் இரு விரலால் எடுத்து வைத்தாய்.
தட்டினாய். காது வைத்தாய்.
"தெர்மோஸ்டாட் போச்சு, மிஸஸ் கில்லெஸ்பி.
எலிமெண்டையும் மாற்றிடலாம்,
திறந்தது திறந்தாச்சு."

திறந்தது திறந்தாச்சு.
ஆர்ச்சியின் வயிற்றைத் திறந்த டாக்டரும் இதையேதான் சொன்னார்.
பித்தப்பைக்குத் துணையாகக் குடல்வாலும் போயிற்று.

செவ்வாயன்று பில்.
நானூற்று எண்பத்தேழு டாலர் அறுபது சென்ட்.
ஞாயிறு வருகைக்குத் தனி.
உழைப்பு, இரண்டு மணி நேரம்
(ரேடியோவில் பதினொரு மணிச் செய்தி ஓடும்போது வந்தாய்,
பன்னிரண்டு மணிச் செய்திக்கு நீ இல்லை).
தெர்மோஸ்டாட். எலிமெண்ட்.
இதர பொருட்கள், பதினெட்டு டாலர்.
அந்த இதரத்தை வீடு முழுக்கத் தேடினேன்.
ஒரு முழம் டேப், ஒரு கந்தல் துணி.
துணி என்னுடையது.

உனக்குத் தெரியாது, லாக்லன்,
இறைச்சி ஆலையில் இருபத்தாறு வருடம் நான்.
கத்தி முக்கும் தண்ணீர்
எண்பத்திரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கினால்
சங்கிலியை நிறுத்துகிற பொத்தான் என் விரலடியில்.
நானூறு பேர் கையில் கத்தியோடு
என்னை முறைத்திருக்கிறார்கள்.

குப்பைக் கூடையில் நீ எறிந்ததை எடுத்துத் துடைத்தேன்.
சாண் நீளப் பித்தளைத் தண்டு.
சூப் பானையில் நீர் ஊற்றி
மரக்கரண்டியில் கட்டி அதைத் தொங்கவிட்டேன்.
ஆலைக்குத் திருப்பித் தர மறந்த தெர்மாமீட்டர் பக்கத்தில்.
ஃப்ரிட்ஜை அணைத்தேன், அது முனகக் கூடாதென்று.
ஐம்பது.
ஐம்பத்தெட்டு.
அறுபத்தொன்று.
டிக்.

அடுப்பை அணைத்துக் காத்திருந்தேன்.
ஐம்பத்து நான்கில் மறுபடி
டிக்.

அதற்கப்புறம் கடிதம் தானாக ஓடியது.
'செத்துப்போனதாக நீங்கள் சொன்னவர்
என் அடுப்படியில் பேசிக்கொண்டிருக்கிறார்.'
எனக்கே பிடித்துப்போய் இரண்டு முறை வாசித்தேன்.

ஆனால் ஆலைப் பழக்கம் ஒன்று,
மூன்று முறை அளக்காததை எழுதுவதில்லை.
இரண்டாம் முறையும் போக ஒன்று, வர ஒன்று.
மூன்றாம் முறை
ஏறும்போது டிக்.
இறங்கும்போது ஐம்பத்து நான்கு. ஐம்பது.
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
நாற்பத்து மூன்று.
எதிர் வீட்டு ஹோப்கிர்க் தன் காரை உள்ளே விட்டான்.
விளக்குப் போட்டேன்.
முப்பத்தாறு.
தண்டைக் கரண்டிப் பிடியால் தட்டிப் பார்த்தேன்,
நீ தட்டியது போலவே.
வாய் திறக்கவில்லை.
பானைக்குள் விரலை விட்டேன்.
ஞாயிற்றுக்கிழமைத் தேநீர்.

மூன்றில் ஒரு முறை மறக்கிறவரைச்
செத்தவர் என்பதா?
உயிரோடிருப்பவர் என்றும் சொல்ல வரவில்லை.
பிடித்த அந்த வரியை அடித்தேன்.

பிறகு எழுதியது:
தெர்மோஸ்டாட்டுக்குப் பணம் தருகிறேன்.
கழற்றிய எலிமெண்டை நீங்கள் எடுத்துப் போய்விட்டீர்கள்,
அது நன்றாக இருந்ததா என்று நீங்கள்தான் அறிவீர்கள்.
கொண்டுவந்து கொடுங்கள், பார்க்கலாம்.
ஒரு மணி நேரம் ஒரு மணி நேரம்தான்.
இதரத்தில் என் துணியின் விலையைக் கழித்துக்கொள்ளவும்.

உறையை ஒட்டிவிட்டுப் பானையைக் கழுவப் போனேன்.
குழாயைத் திறந்ததும் கை வெடுக்கென்று பின்வாங்கியது,
அவ்வளவு சூடு.
அதை உனக்கு எழுதவில்லை.